புழு எங்கே போனது?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். வகுப்பறை ஜன்னல் சட்டத்தில் குளவி கட்டியிருந்த மண்கூடு ஒன்றைப் பிள்ளைகள் உடைத்துப் பார்த்தார்களாம். உள்ளே ஏழெட்டுப் பச்சைப் புழுக்கள். குச்சியால் தொட்டால் வால் பக்கம் லேசாக நெளிகிறதே தவிர, ஒன்றுக்கும் நகரத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கூட்டை மூன்று வாரம் கழித்து உடைத்தபோது, இறக்கை மடங்கியபடி ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. புழு ஒன்றுகூட இல்லை. "குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கிவிடும் என்று எங்கள் பாட்டி சொல்வார். அது கட்டுக்கதை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். 'அப்போ புழு எங்க போச்சு டீச்சர்?' என்று ஒரு பையன் கேட்டான். உடனே பதில் வரவில்லை" என்று முடிகிறது கடிதம்.

அந்தப் பையனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கதை பொய் என்று சொல்வது சுலபம். கதைக்குள் இருக்கும் புழு எங்கே போனது என்று கேட்பதுதான் கடினம்.

பாட்டி சொன்ன கதை பலரும் கேட்டதுதான். குளவி எங்கிருந்தோ ஒரு புழுவைக் கவ்வி வரும், மண்கூட்டில் அடைக்கும், கொட்டும், வெளியே இருந்து ரீங்காரம் செய்யும். உள்ளே கிடக்கும் புழு பயத்தில் குளவியையே நினைத்து நினைத்து, கடைசியில் குளவியாகவே மாறிப் பறந்து போகும். வடமொழியில் இதற்கு 'பிரமர கீட நியாயம்' என்று பெயர். பாகவதத்தின் 11-ஆம் ஸ்கந்தத்தில் அவதூதர் ஒருவர் தமக்கு வாய்த்த 24 குருமார்களைச் சொல்லும்போது இந்தக் குளவியையும் அதன் புழுவையும் சேர்த்துக்கொள்கிறார். விவேகசூடாமணியும் இதை எடுத்தாள்கிறது. எதை இடைவிடாமல் நினைக்கிறோமோ அதுவாகவே ஆவோம் என்பதற்கு உவமை. சீடனைக் குரு தன்னைப் போல ஆக்குவதற்கும் இதே உவமைதான். உவமையாக அது நிற்கட்டும், அதனோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் உவமை நிற்பதற்கு முதலில் யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து குளவியைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்தது என்ன, பார்க்கத் தவறியது என்ன என்பதில்தான் என் ஆர்வமெல்லாம்.

அவர் பார்த்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். குளவி புழுவைத் தூக்கி வருகிறது: சரி. புழுவைக் கொட்டுகிறது: சரி. கூட்டருகே ரீங்காரம் செய்கிறது: சரி. அடைபட்ட புழு சாவதில்லை, அழுகுவதில்லை: மிகச் சரி. புழு போன இடத்திலிருந்து குளவி வருகிறது: அதுவும் சரி. இத்தனையும் சரியாகப் பார்த்த கண்ணுக்கு ஒன்றே ஒன்று தப்பிவிட்டது. அது மூன்று மில்லிமீட்டர் நீளம்கூட வருமோ வராதோ. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் குளவி யார் என்று பார்ப்போம். நம் வீடுகளில் மண்கூடு கட்டும் குளவிகள் பல வகை. மெல்லிய நீண்ட இடுப்பும் மஞ்சள் கால்களுமாகச் சுவர் மூலையில் மண்ணை அப்பிக்கொண்டிருப்பது செலிஃப்ரான் என்ற வகை. அதில் ஓர் இனத்துக்குச் சென்னையின் பெயரே உண்டு: செலிஃப்ரான் மதராஸ்படானம். 1781-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர் அது. இது புழுவைத் தொடாது, சிலந்திகளைத்தான் பிடித்து அடைக்கும். ஆசிரியையின் பிள்ளைகள் உடைத்தது வேறு சாதி: கழுத்து வைத்த குட்டிச் செம்பு போலக் கூடு வனையும் குளவி. டெல்டா, யூமெனெஸ் என்ற பேரினங்கள் இதில் அடங்கும். பச்சைப் புழு இவற்றின் கூட்டில்தான் இருக்கும். சில ஊர்களில் மண்குளவிக்கு வேட்டுவாளி என்று பெயர். கேரளத்தில் வேட்டாளன். பெயரிலேயே வேட்டை இருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு இது என்ன செய்கிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. குருவாக்கியது பின்னால் வந்தவர்கள்.

ரீங்காரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது தனி அழகு. வீட்டில் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டிய கான்கிரீட்டுக்குள் வைப்ரேட்டரின் நீண்ட குழாயை விட்டு அதிரவைப்பார்கள். அதுவரை கட்டியாக நின்ற கலவை திடீரென்று இளகி, மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். அதிர்வு நின்றதும் மறுபடி இறுகும். செலிஃப்ரான் செய்வதும் அதேதான். மண் உருண்டையைத் தாடையில் கவ்விக்கொண்டு, பறக்கும் தசைகளை இறக்கை அடிக்காமலே அதிரவைக்கிறது. அதிர்வு தலை வழியாகத் தாடைக்கும், தாடையிலிருந்து மண்ணுக்கும் இறங்குகிறது. ஈர மண் இளகிப் பழைய பூச்சோடு இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. நாம் கேட்கும் ரீங்காரம் அந்தக் கொத்தனார் வேலையின் சத்தம். குளத்தங்கரையில் மண் எடுக்கும்போதும் இதே சத்தம் வரும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கூட்டுக்குள் முதல் இரை வருவதற்கு முன்பே, வெறும் மண் பூசும்போதே, ரீங்காரம் கேட்கிறதா என்று கவனித்தால் போதும். கேட்கும். மந்திரத்தைக் கேட்க அப்போது உள்ளே யாருமே இல்லை.

இனி கொட்டுவதற்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

குளவியின் சிக்கலைச் சமையலறைச் சிக்கலாக யோசியுங்கள். குஞ்சு முட்டையிலிருந்து வந்து வளர்ந்து முடிக்கும்வரை தின்ன இறைச்சி வேண்டும். தாய் திரும்பி வந்து ஊட்டப் போவதில்லை. ஒரேயடியாகச் சேர்த்துவைத்து, வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகிறாள். நம் வெயிலில் செத்த புழு இரண்டு நாளில் கறுத்துக் கூழாகிவிடும், பூஞ்சை பிடிக்கும். உயிரோடு விட்டால் புழு சுவரை முட்டும், புரளும், முட்டையை நசுக்கும். சாகவும் கூடாது, அசையவும் கூடாது. உயிருள்ள உடம்பு அழுகாது. அதன் நோயெதிர்ப்பு வேலை செய்துகொண்டே இருக்கும். ஆக, குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இறைச்சியைக் கெடாமல் வைக்க ஒரே வழி, அதை உயிரோடு வைப்பது.

ஒருவரை அசையாமல் செய்து உயிரோடும் வைப்பது நம் உடம்பில் நடக்காத காரியம். தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவிய குராரே நஞ்சு தசைகளை நிறுத்துகிறது. மூச்சுவிடும் தசையும் சேர்ந்து நிற்பதால் அடிபட்ட விலங்கு சாகிறது. நமக்கு அசைவு நின்றால் மூச்சும் நிற்கும். பூச்சிக்கு அப்படியில்லை. அதன் உடம்பின் பக்கவாட்டில் வரிசையாக மூச்சுத் துளைகள் இருக்கின்றன. அங்கிருந்து கிளை கிளையாகப் பிரியும் நுண்குழாய்கள் காற்றை நேராக ஒவ்வொரு திசுவுக்கும் கொண்டுபோகின்றன. சும்மா கிடக்கும் புழுவுக்குத் தானாகப் பரவும் காற்றே பெரும்பாலும் போதும். முதுகோரமாக ஓடும் இதயக் குழாய் நரம்பின் உத்தரவுக்குக் காத்திராமல் தானே துடிக்கிறது. கைகால் எல்லாம் முடங்கினாலும் மூச்சும் ஓட்டமும் நிற்காத உடம்பு அது. குளவியின் தொழில் முழுவதும் இந்த ஒரு வசதியின் மேல் நிற்கிறது.

அடுத்த வசதி நரம்பு அமைப்பு. நம்மைப் போல எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் புழுவுக்குக் கிடையாது. தலையிலிருந்து வால்வரை வயிற்றடியில் ஒரு நரம்புச் சங்கிலி ஓடுகிறது. கணுவுக்குக் கணு ஒரு நரம்பு முடிச்சு. அந்தந்தக் கணுவின் தசையை அந்தந்த முடிச்சே ஆள்கிறது.

பழைய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் ஒரு மாதம் வெளியூர் போகிறது. மெயினை அணைத்துவிட்டால் ஃபிரிட்ஜும் நின்றுபோகும், உள்ளே இருப்பது கெட்டுவிடும். அதனால் அறை அறையாகப் போய், அந்தந்த அறையின் ஃபியூஸ் கட்டையை மட்டும் பிடுங்கிவைக்கிறார்கள். கூடத்து ஃபேன் நின்றது, மாடி விளக்கு நின்றது, மோட்டார் நின்றது. சமையலறையில் ஃபிரிட்ஜ் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. குளவி செய்வது இதுதான். கொடுக்கைப் புழுவின் வயிற்றடியில், நரம்பு முடிச்சு இருக்கும் இடத்தருகே இறக்கி, அந்த அறையின் ஃபியூஸைப் பிடுங்குகிறது. பிறகு அடுத்த கணு. வயர்கள் ஓடும் பக்கம் எது என்று அதற்குத் தெரியும். புழுவின் முதுகில் கொட்டி நஞ்சை வீணாக்குவதில்லை.

இந்த உவமையை இன்னும் கொஞ்ச தூரம் இழுக்கலாம். பழைய வீட்டுக்குப் பத்து ஃபியூஸ் என்றால், புதிதாகக் கட்டிய வீட்டில் எல்லாம் ஒரே பெட்டியில். பூச்சிகளிலும் அப்படி இருக்கிறது. புழுவுக்கு முடிச்சுகள் தனித்தனி. சில வண்டுகளுக்கு மார்பின் நரம்பு முடிச்சுகள் ஒன்றோடு ஒன்று நெருங்கி ஒரே கட்டாக இருக்கும். செர்செரிஸ் என்ற குளவி அந்த மாதிரி வண்டுகளையே தேடிப்போகிறது. கவசம் போட்ட வண்டின் உடம்பில் கொடுக்கு நுழையும் சந்து ஒன்றிரண்டுதான், ஆனால் அந்த ஒரு குத்து எல்லா ஃபியூஸையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறது. கரண்டு பில்லும் குறைகிறது. அசையாத உடம்புக்குச் செலவு கொஞ்சம், சேமித்த கொழுப்பு நீண்ட நாள் வரும். பட்டினி கிடக்கும் சாதாரணக் கரப்பான் பூச்சியைவிடக் குளவி கொட்டிய கரப்பான் அதிக நாள் உயிரோடு இருப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். யாரும் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜை அடிக்கடி திறப்பார் இல்லை, அதனால் உள்ளிருப்பது கெடாமல் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த வரலாறு நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் லெயோன் துஃபூர், செர்செரிஸ் கூட்டில் வாரக்கணக்கில் வாடாமல் கிடந்த வண்டுகளைப் பார்த்து, குளவி ஏதோ பதப்படுத்தும் மருந்தை ஊற்றிப் பிணத்தைக் காக்கிறது என்று முடிவு கட்டினார். ஜான் ஆன்றி ஃபாபர் என்ற பள்ளி ஆசிரியர் அதை நம்பவில்லை. 'பிணத்துக்கு' மின்சாரம் பாய்ச்சினார், கால் அசைந்தது. பேனா முனையில் அம்மோனியாவைத் தொட்டு வண்டின் மார்பு முடிச்சருகே குத்தி, குளவி செய்ததைத் தானே செய்து காட்டினார். 1855-இல் அது அச்சேறியது. பின்னாளில் மண்ணுக்குள் வாழும் பருத்த புழு ஒன்றை அமோஃபிலா குளவி கணு கணுவாகக் கொட்டியதைப் பார்த்து, தேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் என்று வியந்து வியந்து எழுதினார். அந்த வியப்பில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜார்ஜ், எலிசபெத் பெக்கம் தம்பதி பொறுமையாகப் பல குளவிகளைக் கவனித்து 1898-இல் எழுதிய நூலில், ஒவ்வொரு குளவியும் ஒவ்வொரு மாதிரி கொட்டுகிறது, சில புழுக்கள் செத்தும் போகின்றன, செத்ததையும் குஞ்சு தின்று வளர்கிறது என்று காட்டினார்கள். தவறே செய்யாத இயற்கை என்பதும் ஒரு கட்டுக்கதைதான்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் சீனாவில் இதே கதையும் உண்டு, இதே ஐயமும் உண்டு. குளவி புழுவைத் தூக்கிப்போய்த் தன் பிள்ளையாக வளர்க்கிறது என்பது அங்கே மிகப் பழைய பாடல் தொகுப்பிலேயே இருக்கும் நம்பிக்கை. குளவி புழுவிடம் தன்னைப் போல் ஆகும்படி வேண்டிக்கொண்டே இருக்கும் என்று 2,000 ஆண்டுகளுக்கு முன் யாங் ஷியோங் என்ற அறிஞர் எழுதிவைத்தார். தத்துப் பிள்ளைக்கே அந்தப் புழுவின் பெயர் வழங்கியது. நம் ஊர்க் கதையின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். ஆனால் 456 முதல் 536 வரை வாழ்ந்த மருத்துவர் தாவோ ஹொங்ஜிங், மருந்து நூல் ஒன்றுக்கு உரை எழுதும்போது கூட்டைத் திறந்தே பார்த்துவிட்டார். உள்ளே தினை அளவு முட்டை. கூடவே பத்துக்கும் மேற்பட்ட பச்சைச் சிலந்திகள். பிறக்கப்போகும் குஞ்சுக்கு இது கட்டுச்சோறு, கவிஞர்கள் சொன்னது பிழை என்று எழுதிவைத்தார். மருந்துக்குப் பயன்படும் பொருளைத் தொட்டுப் பார்த்தாக வேண்டிய தொழில் அவருடையது.

தினை அளவு முட்டை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தவறவிட்டது அதைத்தான். ஏன் தவறவிட்டார்? கண் குறைபாட்டால் இல்லை. செம்பு வனையும் குளவி செய்யும் வேலைகளின் வரிசையே அப்படி. கூடு கட்டி முடித்ததும், புழு எதுவும் வருவதற்கு முன்பே, காலிக் கூட்டில் முட்டையை இட்டுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வேட்டைக்குப் போகிறது. வேட்டை தொடங்கியதும்தான் நாம் கவனிக்கத் தொடங்குகிறோம். புழுவைக் கொண்டு வருகிறது, திணிக்கிறது, மறுபடி போகிறது, கடைசியில் வாயை அடைக்கிறது. பார்த்தவருக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் வேறு எதுவும் உள்ளே போகவில்லை என்று அவர் சத்தியமே செய்வார். முட்டை முன்பே உள்ளே இருந்தது.

அந்த முட்டை இருக்கும் விதமும் கேட்க வேண்டியது. முழுக்க முடங்காத புழுக்கள் சில இந்தக் கூட்டில் கிடக்கும். தொட்டால் வால் நெளிந்தது என்று ஆசிரியை எழுதியிருக்கிறாரே, அதுதான். ஏழெட்டுப் புழு நெளியும் இடத்தில் முட்டையை எங்கே வைப்பது? நம் வீட்டில் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் வெண்ணெய்ப் பானையை எங்கே வைத்தோம்? உறியில். குளவியும் உறி கட்டுகிறது. கூட்டின் மேற்கூரையிலிருந்து மெல்லிய இழை ஒன்று இறங்குகிறது. அதன் முனையில் முட்டை தொங்குகிறது. ஃபாபர் இதைக் காண்பதற்குள் பலமுறை தோற்றார். உடைத்து எடுத்துவந்து கண்ணாடிக் குழாயில் வைத்த குஞ்சுகள் எல்லாம் புழுக்களுக்கு அடியில் நசுங்கிச் செத்தன. கடைசியில் கூட்டின் பக்கச் சுவரில் கத்தியால் ஒரு ஜன்னல் வெட்டி எட்டிப் பார்த்தபோதுதான் உறி தெரிந்தது. பொரிந்த குஞ்சு உடனே கீழே இறங்குவதில்லை. முட்டைத் தோல் நீண்டு ஒரு நாடாவாகத் தொங்க, அதற்குள் வால் பக்கத்தை வைத்துக்கொண்டு தலைகீழாக எட்டிப் புழுவைத் தின்னத் தொடங்குகிறது. கீழே ஏதாவது புழு நெளிந்தால் சட்டென்று உறைக்குள் பின்வாங்கி மேலே போய்விடுகிறது. அடங்கியதும் மறுபடி இறங்குகிறது. நன்றாகத் தின்று பருத்து, கீழே கிடப்பவை அடங்கிய பிறகே நாடாவை விட்டு இறங்குகிறது.

கொட்டுவதற்கும் உறிக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். புழுவை முழுக்க முடக்கும் குளவிகள் முட்டையை இரையின் மேலேயே ஒட்டிவிடுகின்றன. அரைகுறையாக முடக்கும் குளவிக்குத்தான் உறி தேவைப்படுகிறது.

கதை மட்டும் உண்மையாக இருந்தால் இன்னொன்றும் நடக்க வேண்டும். எந்தக் குளவி கட்டியதோ அந்தக் குளவியே எப்போதும் வெளியே வர வேண்டும். அப்படி வருவதில்லை. சில கூடுகளைத் துளைத்துக்கொண்டு, மரகதப் பச்சையும் நீலமுமாக உலோகம் போல மின்னும் வேறொரு குளவி வெளியே வரும். ஸ்டில்பம் என்று பெயர். அடைத்த மண்கூட்டில் துளை போட்டுத் தன் முட்டையை உள்ளே நுழைத்துவிட்டுப் போகும் திருட்டுக் குளவி அது. அதன் குஞ்சு, கட்டியவளின் குஞ்சைத் தின்று வளரும். குரு ஒருவர், சீடன் வேறொருவர் சாயலில் வந்தால் நியாயம் என்ன சொல்லும்?

இப்படி நடுவில் ஒரு முட்டை தவறிப்போனதால் பிறந்த கதைகள் உலகெங்கும் உண்டு. செத்த காளையின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று ரோமானியக் கவிஞர் வெர்ஜில் விரிவாகவே பாடியிருக்கிறார். பார்ப்பதற்குத் தேனீ போலவே இருக்கும் ஈ ஒன்று அழுகும் கழிவில் முட்டையிடும் என்பதுதான் அதன் பின்னால் இருப்பது. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் கூடார்ட், ஒரே வகைப் புழுவிலிருந்து சில சமயம் வண்ணத்துப்பூச்சியும் சில சமயம் ஈ போன்ற சிறு பூச்சிக் கூட்டமும் வருவதைக் கண்டு குழம்பினார். புழுவுக்குள் குட்டிக் குளவி முட்டையிட்டிருந்ததை அவர் அறியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு பேச்சுகள் ஓயாமல் சுற்றுகின்றன. முதலாவது: "குளவி புழுவின் மரபணுவை மாற்றுகிறது, நம் முன்னோர் அதை அன்றே அறிந்திருந்தார்கள்." அறிந்திருக்கவில்லை. அவர்கள் அறிந்தது குளவி கொட்டும், புழு சாகாது என்பதை. அதுவே பெரிய கவனிப்பு. அதற்கு மரபணுப் பொன்முலாம் பூசுவது அவர்களைப் பெருமைப்படுத்துவதாகாது. அவர்கள் உண்மையில் பார்த்ததை அது மறைத்துவிடுகிறது.

இந்தப் பேச்சைப் பரப்புகிறவர்கள் அடிக்கடி கையில் எடுப்பது 2015-இல் வெளியான ஓர் ஆய்வை. அது என்ன சொன்னது என்று நேராகப் பார்ப்பது நல்லது. பிராக்கோனிட் என்ற சிறு குளவிகள் புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடுகின்றன. முட்டையோடு ஒரு வைரஸையும் செலுத்துகின்றன. புழுவின் நோயெதிர்ப்பை அடக்கக் குளவியே தன் மரபணுத் தொகுப்பில் வைத்து வளர்க்கும் வைரஸ் அது. பட்டுப்புழு, மொனார்க் வண்ணத்துப்பூச்சி, படைப்புழு ஆகியவற்றின் மரபணுத் தொகுப்பில் அந்த வைரஸின் துண்டுகள் நிரந்தரமாகத் தங்கியிருப்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றில் சில, வேறொரு வைரஸிடமிருந்து புழுவைக் காக்கவும் உதவுகின்றன. எப்போதோ குளவியிடமிருந்து தப்பிப் பிழைத்த புழுக்களின் வம்சத்தில் அந்தத் துண்டு நின்றுவிட்டது. எனக்கு இந்தச் செய்தி பல நாள் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கேயும் ஒரு புழுகூடக் குளவி ஆகவில்லை. குளவியிடமிருந்து தப்பி, புழுவாகவே வளர்ந்து, வண்ணத்துப்பூச்சியாகப் பறந்தவற்றின் கதை இது. நம் மண்குளவிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது பேச்சு 'ஜோம்பி கரப்பான்'. மரகதக் குளவி கரப்பானின் மூளையைக் கைப்பற்றி அடிமையாக்குகிறது என்று வீடியோக்கள் அலறுகின்றன. ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா என்ற இந்தக் குளவி நம் ஊரிலும் உண்டு. பளபளக்கும் நீலப் பச்சை உடம்பு, சிவந்த தொடை. இது கரப்பானை இருமுறை கொட்டுகிறது. முதல் குத்து மார்பில். முன்னங்கால்கள் சில நிமிடம் முடங்குகின்றன. அந்த அவகாசத்தில் கழுத்து வழியாகக் கொடுக்கை விட்டு, தலைக்குள் இருக்கும் நரம்பு முடிச்சுகளைத் தேடிக் கொட்டுகிறது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் லிபர்சாட்டின் குழு நஞ்சுக்குக் கதிரியக்கக் குறியிட்டு, அது மூளைக்குள்தான் போய்ச் சேர்கிறது என்று 2003-இல் நிரூபித்தது. மூளையை முன்கூட்டியே எடுத்துவிட்ட கரப்பானைக் கொடுத்தபோது, குளவி கொடுக்கால் துழாவித் துழாவி நெடுநேரம் தேடியது. கொடுக்கின் நுனிக்கு உணர்வு உண்டு.

கொட்டப்பட்ட கரப்பானால் நடக்க முடியும், தண்ணீரில் போட்டால் நீந்தும். தானாக நடக்கத் தொடங்கும் முனைப்பு மட்டும் அடங்கிப் போயிருக்கும். குளவி உணர்கொம்பைக் கவ்வி இழுத்தால், தும்பு பிடித்த மாடு போலப் பின்னாலேயே நடந்து பொந்துக்குள் போகும். யாரும் இயக்கும் பொம்மை இல்லை அது. முட்டையிடாமல் விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் தெளிந்து பழையபடி ஓடும். அந்தத் தெளிவை 'ஜோம்பி' வீடியோக்கள் காட்டுவதில்லை. முட்டையிட்டிருந்தால் குஞ்சு கரப்பானின் வயிற்றுக்குள் நுழைந்து, உள்ளே தின்று, கிருமிகளை அடக்கும் வேதிப்பொருள்களைச் சுரந்து இறைச்சியைச் சுத்தப்படுத்திக்கொண்டு, அங்கேயே கூடு கட்டிப் படுக்கும். சில வாரம் கழித்துக் கரப்பானின் காய்ந்த உடம்பைக் கிழித்துக்கொண்டு பளபளக்கும் குளவி வெளியே வரும். இந்தக் காட்சியை மட்டும் ஒருவர் பார்த்தால், கரப்பானே குளவியானது என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

ஆசிரியைக்கு ஒரு வார்த்தை. உயிருள்ள கூட்டை இனி உடைக்க வேண்டாம். வட்டமாகத் துளை விழுந்து குளவி போய்விட்ட பழைய செம்புக்கூடு ஒன்று தேடினால் கிடைக்கும். அதை வெள்ளைத் தாளின் மேல் மெதுவாக உடையுங்கள். கிழிந்த பட்டு உறை, காய்ந்த தோல், கருத்த எச்சம் இவற்றுக்கிடையே கடுகை விடச் சிறிதாக, பழுப்பாக, கிண்ணம் கவிழ்த்தது போலச் சில ஓடுகள் உதிரும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தாடை தெரியும். புழுக்களின் தலைகள் அவை. குஞ்சு அவற்றைத் தின்பதில்லை, கடினம். ஏழு புழு உள்ளே போயிருந்தால் ஏழு தலை கிடைக்கும். தாளைக் கேள்வி கேட்ட பையனிடம் கொடுங்கள், அவனே எண்ணட்டும்.